எஸ்தருக்கு நீ சொன்ன பிறப்புக் கதை

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஜிகினாத்தாள் ஒட்டிய மூன்று கிரீடங்கள், மேய்ப்பர்களுக்கான சாக்குத்துணி, தேவதையின் ஒற்றைச் சிறகு. இன்னொரு சிறகு எங்கே போனது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் கேட்க வேண்டியவை மட்டும் குறையவே மாட்டேன் என்கின்றன.

பெட்டியைக் கொண்டுவந்தவள் எஸ்தர். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலை, மரைன் ஹில்லிலிருந்து ஆட்டோவில் வந்து ஷாதிபூரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினாள். உன் கிறிஸ்துமஸ் நாடகச் சாமான்களைச் சபையில் வைக்க இடமில்லையாம்; வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கும் முடியவில்லையாம். தண்ணீர் குடித்துவிட்டு, வியாழக்கிழமைக் கப்பலில் கச்சால் தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். நிக்கோபார் பக்கம் போவதென்றால் அரசாங்க பாஸ் வேண்டுமே என்று இழுத்துப் பார்த்தேன். அதையும் வாங்கிவிட்டாள். உன் வளர்ப்பு, எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

தன்னைப் பெற்றவளின் பெயரைத் தேடிப் போகிறாள். சுனாமி அன்று கச்சால் ரப்பர் தோட்டக் குடியிருப்பில், தண்ணீர் சூழ்ந்த வீட்டின் தகரக் கூரையில் நின்று, படகில் வந்தவர்களிடம் கைக்குழந்தையை நீட்டினாளே ஒருத்தி, அவள் யார், அந்த வீடு எது என்று அங்கே மிஞ்சியிருக்கிறவர்களிடம் கேட்கப் போகிறாள். அப்படி ஒருத்தி கூரையில் நிற்கவில்லை என்பது இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நீ. எஸ்தர் கப்பல் ஏறுவதற்குள் மற்றவள் வாயைத் திறந்தாக வேண்டும். எனக்கு நான்கு நாள் இருந்தது.

பிறப்புக் கதைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் உன்னோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டவைதான். நான் ஆபீஸ் ஃபைல்களைக் கட்டி அழுதுகொண்டிருந்தேன். நீ அதே கட்டடத்தின் கீழ்த்தளத்து நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாய். நான்கு வருஷம் இறையியல் படித்துவிட்டு, பெண்ணுக்குப் பிரசங்க மேடை கிடையாது என்றதும் கோபித்துக்கொண்டு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவள். பிரசங்கம் செய்ய ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டாய். நான் மதுரைக்காரி, அதுவும் மீனாட்சியைத் தவிர வேறு யாரையும் கும்பிடாத வீடு. உனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

நீ அந்த நாடகத்தை இரண்டாக அறுத்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வருஷா வருஷம் எல்லாச் சபைகளிலும் போடுகிற மாதிரி, ராஜாக்களும் மேய்ப்பர்களும் ஒரே தொழுவத்தில் முட்டிக்கொண்டு நிற்பது உனக்குப் பிடிக்காது. அது இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்ன கதை, அவர்களைச் சேர்த்துக் கட்டிப்போட நாம் யார் என்பாய். அதனால் அந்த வருஷம் இரண்டு நாடகம். முதலாவதில் நட்சத்திரம் உண்டு, ஞானிகள் உண்டு, குழந்தைகளைக் கொல்லும் ராஜா உண்டு, எகிப்துக்கு ஓட்டம் உண்டு. தொழுவம் கிடையாது, குழந்தை சாதாரண வீட்டில் இருக்கிறது. இரண்டாவதில் குடிமதிப்பு என்கிற ஜனக்கணக்கு, சத்திரத்தில் இடமில்லை, மாட்டுக்குத் தீவனம் வைக்கும் முன்னணை, ஆட்டுக்காரர்கள். நட்சத்திரமும் கிடையாது, கிரீடமும் கிடையாது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தாய்.

சபைக் கமிட்டிச் செயலாளரின் மகள்தான் மூன்றாவது ராஜா, பஞ்சுத் தாடியோடு. அவள் அம்மா படம் எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. இரண்டாவது நாடகத்தில் மேய்ப்பர்கள் மண்டியிட்டிருக்கும்போது மகளைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். ராஜா பொன்பெட்டியோடு ஆடுகளுக்கு நடுவே வந்து நின்றது. நீ திரைக்குப் பக்கத்தில் நின்று போ, போ என்று கையைக் காட்டுகிறாய். அது உனக்கும் ஒரு வணக்கம் வைத்தது. அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கியதே அந்தத் தாடிதான். மறுநாள் கமிட்டி உன்னைக் கூப்பிட்டு, ஆண்டவருடைய பிறப்பையே துண்டு போடுகிறாயா என்று ஒரு பிடி பிடித்தது.

நானும் விடவில்லை. ஒரே பிறப்பை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். நீ மீனில் முள் எடுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். முதலில் பிறப்புக் கதை என்று ஒன்றே கிடையாதாம். அவர் இறந்ததும் எழுந்ததும்தான் வாய்வழியாகப் பரவியது. நான்கு சுவிசேஷங்களில் மூத்தது, வளர்ந்த ஆள் ஆற்றங்கரைக்கு வந்து நிற்பதில்தான் தொடங்குகிறது. அதை எழுதியவருக்குத் தொட்டில் தேவைப்படவில்லை. பின்னால் வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. இப்படி இறந்தவர் எப்படிப் பிறந்திருப்பார் என்று கேட்டார்கள். முடிவிலிருந்து பின்பக்கமாக நடந்து தொட்டிலுக்கு வந்தார்கள்.

நட்சத்திரக் கதைக்காரர் தன் ஜனத்துக்கு மனப்பாடமான பழைய கதையைக் கையில் எடுத்தார். பிள்ளைகளைக் கொல்லும் ராஜா, எகிப்து, தப்பிப் பிழைக்கும் ஒரு குழந்தை. மோசேக்கு நேர்ந்ததெல்லாம் இவருக்கும் நேர்ந்தது என்று கேட்டவுடன், இவர் யார் என்று அவர்களுக்கு விளங்கிவிடும். தொழுவக் கதைக்காரருக்கு எல்லா ஜனமும் வேண்டும். அதனால் வம்சப் பட்டியலை ஆதாம்வரை ஏற்றினார். பெரிய மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு ஆடு மேய்க்கிறவர்களை உள்ளே விட்டார். அந்தக் காலத்தில் சக்கரவர்த்திகள் பிறந்தால்தான் வானத்தில் அதிசயம் நடந்ததாகச் சொல்வார்களாம். தச்சன் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொன்னதே திமிர்தான் என்பதில் உனக்கு அத்தனை சந்தோஷம்.

"ஏட்டி, பிறந்த அன்னைக்கு யாரும் பிறப்புக் கதை எழுத மாட்டாவ. அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்ச பொறவுதான் எழுதுவாவ" என்றாய்.

அப்படியானால் உண்மையில் நடந்தது யாருக்குமே தெரியாதா என்று கேட்டேன். தெரிந்தவள் ஒருத்தி இருந்திருப்பாள், அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாய்.

அதற்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்ததா, சுனாமி வந்தது. தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் முகாம் டியூட்டி. எனக்கு ஒரு பள்ளிக்கூடம் விழுந்தது. நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது தொண்டு செய்ய வந்த ஒரு பெண், கச்சால் கப்பலில் வந்ததாம், கொஞ்சம் வைத்திருங்கள் என்று ஒரு குழந்தையை என் கையில் திணித்துவிட்டு அடுத்த லாரியைப் பார்க்க ஓடினாள். நான்கைந்து மாதக் குழந்தை. வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். யாரும் எங்களுடையது என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கிட்டே வந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். அவர் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்.

காலையிலிருந்து மத்தியானம்வரை அவள் என் தோளில்தான் இருந்தாள். என் முந்தானையைச் சப்பிக்கொண்டே தூங்கினாள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம். ஊரில் எந்தக் கோயில் மரத்திலும் நான் தொட்டில் கட்டாத கிளை இல்லை என்பது உனக்குத் தெரியும். கேட்டது கைக்கு வந்தால் கொண்டாடத்தானே வேண்டும்? எனக்குப் பயம் வந்தது. யார் பெற்றதோ, என்ன ஜாதியோ என்று இவர் கேட்பார், இவருடைய அம்மா வாசற்படி ஏற விடமாட்டாள் என்று ஒவ்வொன்றாக மனத்துக்குள் அடுக்கினேன். ஆனால் இவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு எஸ்தர் வருகிறாள் என்றால் முதல் ஆளாய்ப் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போகிற மனுஷன். சாக்குக்கு அவரை வைத்துக்கொண்டேன், பயந்தவள் நான்தான்.

அப்போதுதான் நீ பால்பவுடர் டின்னும் புட்டியுமாக உள்ளே வந்தாய். நான் குழந்தையை உன்னிடம் நீட்டினேன்.

"கொஞ்சம் புடி, வந்துடுறேன்" என்றேன்.

கேட்டைத் தாண்டினேன், பஸ் ஏறினேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ இருட்டும்வரை அப்படியே வைத்திருந்ததாகப் பிறகு மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவள், தனிக்கட்டை; காகிதத்துக்கும் கோர்ட்டுக்கும் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, சட்டப்படி அவளை மகளாக்கிக்கொண்டாய். ஏன் திரும்பி வரவில்லை என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையோடு போயிருக்கும்.

எஸ்தருக்கு ஐந்து வயதான பிறந்தநாளன்று, நான் எப்படி உங்ககிட்ட வந்தேன் என்று உன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். நான் சமையலறையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ ஆரம்பித்தாய். பெரிய தண்ணி, தகரக் கூரை, அதில் ஒரு அம்மா, தூரத்தில் ஒரு படகு. படகில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். அந்த அம்மா குழந்தைக்கு முத்தம் கொடுத்துப் படகுக்காரர் கையில் நீட்டிச் சொன்னாளாம்: "கொஞ்சம் புடிங்க, வந்துடுறேன்."

அது நான் சொன்ன வார்த்தை. வேறு எத்தனை வார்த்தை இருந்தது உனக்கு. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, குத்திக்காட்டுகிறாள் என்று. வருஷங்கள் கழித்துத்தான் நீ செய்தது விளங்கியது. கேட்டைத் திறந்துகொண்டு ஓடிப்போன ஒருத்தியைத் தூக்கிக் கூரைமேல் நிறுத்தினாய். சுற்றிலும் தண்ணீரை விட்டாய். வராதவளை, வர முடியாதவளாக ஆக்கினாய். அது எஸ்தருக்காகச் செய்தது மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

கதை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வளர்ந்தது. படகின் பின்னால் ஒரு நாய் நீந்தி வந்தது. படகுக்காரர் பாட்டுப் பாடினார். தொழுவத்து மாடும் கழுதையும் அந்த இரண்டு கதையிலும் கிடையாது, கேட்டவர்கள் ஆசைப்பட்டுப் பின்னால் ஓட்டிவந்து கட்டியவை என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அதை வைத்து உன்னைச் சீண்டுவேன்: மாடும் கழுதையும் கச்சாலுக்கு எப்போது வரும்? நீ சிரிப்பாய். பதினெட்டு வயதானதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்பாய். பதினெட்டு வந்தது. பரீட்சை முடியட்டும் என்றாய், வேலை கிடைக்கட்டும் என்றாய், பிறகு உனக்கே உடம்பு முடியாமல் போனது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பகல் உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லலட்டி. நீ சொல்லிரு. முழுசா சொல்லு" என்றாய். தலையாட்டினேன். முழுசாக என்றால் என்னையும் சேர்த்து என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு நாளை எப்படித் தொலைத்தேன் என்று கேள். ஞாயிறன்று இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை மழை. செவ்வாயன்று போன் செய்தேன், குளிருக்குப் போர்வை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நிக்கோபாரில் என்ன குளிர்? புதன்கிழமை மத்தியானம் அவளே பையோடு வந்தாள், சொல்லிக்கொண்டு போக. மடியில் ஒரு நோட்டு. அதில் கேள்விகளை நம்பர் போட்டு எழுதியிருக்கிறாள். உன் கையெழுத்தேதான் அவளுக்கு.

அம்மா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அவள் பேனாவை எடுத்துவிட்டாள். பரபரப்பில் அவளுக்கு இந்தி கலந்துதான் பேச்சு வரும்.

"சித்தி, அவங்களப் பத்தியா? மத்லப், எப்படி இருந்தாங்க, என்ன கட்டியிருந்தாங்க, குச் பி சொன்னாங்களா?"

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ போனதிலிருந்து அதில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். கூரையில் யாரும் இல்லை என்று அந்த முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? இரண்டுக்கும் நடுவில் வாய் தானாகத் திறந்தது.

"பச்சைப் புடவை" என்றேன்.

அன்றைக்கு முகாமில் நான் கட்டியிருந்தது. முழுசாகச் சொல்ல வந்தவளிடமிருந்து வெளியே வந்த உண்மை அது ஒன்றுதான். அவள் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். நான் முறுக்கு டப்பாவை எடுத்து அவள் பையில் வைத்தேன். மறுநாள் கப்பல் போய்விட்டது.

நேற்று மத்தியானம் கச்சாலிலிருந்து கூப்பிட்டாள். சிக்னல் கிடைக்காமல் எங்கோ மேட்டில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா இருக்கிறாராம், இலங்கைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்தவர், தண்ணீரில் வீட்டு ஆட்கள் எல்லாரையும் பறிகொடுத்தவர். எஸ்தர் கதையைச் சொன்னதும் அவர் இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாராம். "ஆமா புள்ள, பச்ச சீலதான். கூரையில நின்னுச்சி. நான் கண்ணால பாத்தேன்" என்றாராம். எஸ்தர் அழுதுகொண்டே அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். அம்மா சொன்னதெல்லாம் சச் சித்தி, நிஜம், சாட்சியே கிடைத்துவிட்டது என்றாள்.

இதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல். பொய் சொல்கிறார் அந்த அம்மா என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கூரையில் யாரையோ பார்த்திருப்பார். நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சேர்த்தேன், அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இனி நான் வாயைத் திறந்தால் உன்னைப் பொய்க்காரி ஆக்கி, அவரையும் ஆக்கி, தாயை இரண்டாம் தடவை தண்ணீரில் தள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் அத்தனை வாயடித்தவள், ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் குரல் இறங்கியது. "சித்தி, வந்துடுறேன்னு சொல்லித்தானே குடுத்தாங்க. உயிரோட இருந்திருந்தா வந்திருப்பாங்கல்ல?"

"வந்தா" என்றேன். "மறுநாள் காலையிலேயே வந்தா. கேட்கிட்ட நின்னு பாத்தா. உங்க அம்மா மடியில நீ பால் குடிச்சிட்டிருந்த. அதான் உள்ள வரல."

 அம்மா இதைச் சொன்னதே இல்லையே என்றாள். அவளுக்குத் தெரியாது என்றேன்.

உனக்குத் தெரியாதுதான், இப்போதுதான் சொல்கிறேன். காலையில் கடை திறந்ததும் ஒரு குட்டிச் சட்டை வாங்கிக்கொண்டு முகாமுக்கு வந்தேன். பள்ளிக்கூடக் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றேன். வராந்தாவில் நீ புட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தாய், அவள் உன் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். நான் திரும்பிவிட்டேன். இருபது வருஷமாக அந்த மத்தியானத்துக் கனம் என் இடது தோளில் இருக்கிறது, யாரிடமும் இறக்கி வைக்க முடியவில்லை.

"எந்த கேட், சித்தி?" என்று எஸ்தர் கேட்டாள். கச்சாலில் கேட் கிடையாது, வெறும் தண்ணீரும் கூரையும்தான். அவள் உன் மகள், ஒரு வார்த்தையைச் சும்மா விடமாட்டாள். அதற்குள் லைன் போய்விட்டது. அவள் மறுபடி கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை கப்பல் வருகிறது. ஜெட்டிக்குப் போகத்தான் போகிறேன். அவள் இறங்கி வரும்வரை வாசலிலேயே நிற்பேனா, இந்தத் தடவையும் திரும்பி நடந்துவிடுவேனா, எனக்கே தெரியவில்லை.